நனைந்த இதழ்களைப் பக்கம் பக்கமாகப் பிரித்த நாட்கள்

அக்காவும் நானும் பள்ளிக் காலம் தொட்டுச் சேர்த்து வைத்திருந்த அழகுக்கலை இதழ்கள் இரண்டு அட்டைப்பெட்டிகள் நிறைய என் வீட்டுப் பரணில் இருந்தன. அக்கா வெளியூர் போனபோது தன் பங்கையும் என்னிடமே விட்டுச் சென்றிருந்ததால், அவற்றுக்கு நான் உரிமையாளர் என்பதைவிடக் காவலாளி என்பதே பொருந்தும். நல்ல காவலாளியாக இருந்ததாகச் சொல்ல முடியாது. பல ஆண்டுகள் அந்தப் பெட்டிகளைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நாங்கள் வீட்டில் இல்லாத ஒரு வாரக்கடைசியில் சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாய் கசிந்து, கீழே இருந்த பெட்டி முழுவதும் நனைந்துபோன பிறகுதான், அதற்குள் என்ன இருந்தது என்பதையே நான் முழுமையாகத் தெரிந்துகொண்டேன்.

முதலில் நான் செய்தது தவறு. காகிதம் நனைந்தால் காய வைக்க வேண்டும் என்ற பொதுப்புத்தியோடு, மேலே இருந்த மூன்று இதழ்களை மூடியபடியே மின்விசிறிக்கு அடியில் பரப்பிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தபோது அவை இதழ்களாக இல்லை, மூன்று பலகைகளாகியிருந்தன. நூலகம் ஒன்றில் பழைய ஆவணங்களைப் பாதுகாக்கும் பணியில் இருக்கும் தோழியைத் தொலைபேசியில் அழைத்துப் புலம்பியபோது, அவள் முதலில் சொன்னது, “மிச்சத்தைக் காய விடாதே” என்பதுதான். செய்தித்தாளும் பாடப்புத்தகமும் நனைந்து காய்ந்தால் கசங்கி, நெளிந்து, கறைபட்டுப் போகுமே தவிரப் பெரும்பாலும் பிரிக்க முடியும். ஆனால் அழகுக்கலை இதழ்கள் அச்சாவது ஆர்ட் பேப்பரில். அந்தப் பளபளப்பு காகிதத்தின் இயல்பு அன்று. காகிதத்தின் மேல் பூசப்பட்ட மென்மையான களிமண்ணாலோ சுண்ணாம்புத் தூளாலோ வருவது. அந்தத் தூளைக் காகிதத்தோடு பிடித்து வைத்திருக்கும் பசை தண்ணீர் பட்டால் இளகி, அடுத்த பக்கத்தின் பூச்சோடு கலந்து, காயும்போது இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. காய்ந்தபின் பிரித்தால் பிரிவது பக்கமல்ல. படமும் எழுத்தும் பூச்சோடு சேர்ந்து உரிந்து வந்துவிடும்.

ஆகவே பளபளப்புத் தாள் நனைந்துவிட்டால் கையில் இருக்கும் நேரம் சில மணிகள்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொரு தாளையும் பிரித்து, இடையில் பட்டர் பேப்பரைச் செருக வேண்டும். அத்தனையையும் உடனே பிரிக்க நேரமில்லை என்றால், ஒவ்வோர் இதழையும் பாலித்தீன் தாளில் சுற்றி ஃபிரீஸரில் வைத்துவிடலாம். உறைந்திருக்கும் வரையில் பூசணம் பிடிப்பதில்லை, பக்கங்கள் ஒட்டும் வேலையும் நின்றுபோகிறது. பிறகு ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, பனி இளகியதும், காய்வதற்கு முன்பே, விளிம்பிலிருந்து மெல்லப் பிரிக்க வேண்டும். நான் ஃபிரீஸரின் இரண்டு தட்டுகளையும் காலி செய்து இதழ்களை அடுக்கினேன். பனிக்கட்டித் தட்டு இருந்த இடத்தில் அட்டைப்படத்து அழகிகள் பலர் உறைந்து கிடந்த காட்சியைப் புகைப்படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பியபோது, “இப்பத்தான்டி அவங்களுக்கு உண்மையாவே வயசு ஏறாது” என்று பதில் வந்தது.

இப்படி ஏறக்குறைய ஒரு மாதம், மாலை வேளைகளில் ஒன்றோ இரண்டோ இதழ்களாகப் பிரித்தேன். தாளைக் கிழிக்காமல் பிரிப்பதற்கு ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடமாவது ஆகும் என்பதால், அந்த ஒரு நிமிடமும் கண்ணெதிரே இருக்கும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வழியில்லை. புதிதாக வந்த நாளில்கூட நான் இவற்றை இவ்வளவு நிதானமாகப் படித்ததில்லை. அந்த நிதானம் என் ஏக்கத்தைக் கூட்டவும் செய்தது, அதன் ஒரு பகுதியைக் கழற்றி எறியவும் செய்தது.

முதலில் வந்தது வாசனை. அக்காலத்து இதழ்களில் வாசனைத் திரவிய விளம்பரத்தின் ஓரத்தில் ஒரு மடிப்பு ஒட்டப்பட்டிருக்கும். அதைப் பிரித்தால் வாசனை எழும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுறைகளில் எண்ணெயை அடைத்து, மடிப்பின் பசையோடு பூசிவிடுகிறார்கள். மடிப்பைப் பிரிக்கும்போது உறைகள் உடைகின்றன. நகலெடுக்கும் கார்பன் தாளுக்கு மாற்றாக, மையை நுண்ணுறையில் அடைக்கக் கண்டுபிடித்த நுட்பம்தான் இங்கே வாசனைக்கு வந்து சேர்ந்தது. ஒவ்வாமை உள்ளவர்கள் தவிப்பார்கள் என்பதால், அஞ்சலில் போகும் வாசனை மாதிரிகள் தானாக வெளியேறாதபடி மூடப்பட்டிருக்க வேண்டும் என்று அமெரிக்காவில் சட்டமே உண்டு. தண்ணீருக்கு அந்தச் சட்டம் தெரியாதாகையால், என் இதழ்களில் மடிப்புகள் தாமாகவே திறந்துகொண்டு, எதிர்ப் பக்கங்களில் எண்ணெய்க் கறையை வட்டமாக விட்டிருந்தன. வாசனைத் தாளோடு இதழைப் பாதுகாக்க நினைப்பவர்கள் அந்தத் தாளை மட்டும் தனி உறையில் எடுத்து வைத்துவிடுவது நல்லது. நனையாத இதழிலும், ஆண்டுகள் ஆக ஆக, அந்த எண்ணெய் பக்கத்துப் படத்தை மஞ்சளாக்கிவிடுகிறது.

அடுத்து நிறம். பதினேழு வயதில், இதழில் பார்த்த ஓர் உதட்டுச்சாயத்தின் பெயரை எழுதி வைத்துக்கொண்டு போய் அதையே வாங்கினேன். பூசிப் பார்த்தால் பக்கத்தில் இருந்த நிறம் என் உதட்டில் இல்லை. குறை என் முகத்தில்தான் என்று அன்றைக்கு முடிவு கட்டியதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. ஈரம் காய்ந்த ஒரு பக்கத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, அந்தச் செந்நிற உதடு மெஜந்தா, மஞ்சள் புள்ளிகளாகவும், அவற்றுக்கிடையே சிதறிய நீலப் புள்ளிகளாகவும், நிழலில் கறுப்புப் புள்ளிகளாகவும் பிரிந்து நின்றது. அச்சில் இருப்பது அந்த நான்கு மைகள் மட்டுமே. மற்ற நிறங்கள் எல்லாம் கண் செய்துகொள்ளும் கலவை. கடையில் இருக்கும் உதட்டுச்சாயத்தின் நிறமோ இப்படி நான்கு மைகளின் புள்ளிகளால் உண்டாவதில்லை. அதற்கு மேல் படம் பிடித்த விளக்கு, படத்தைத் திருத்தியவர் கை, அன்றைய அச்சு இயந்திரத்தில் மை ஓடிய அளவு என்று எத்தனையோ சேர்ந்திருக்கும். திரையிலும் இதே கதைதான், காரணம் மட்டும் வேறு. அங்கே சிவப்பு, பச்சை, நீல ஒளிகள். ஒவ்வொரு திரையும் ஒவ்வொரு விதம். நிறத்தை அச்சில் பார்த்தும் வாங்க வேண்டாம், திரையில் பார்த்தும் வாங்க வேண்டாம். தோலில் தீற்றி, பகல் வெளிச்சத்தில் பார்த்து வாங்குவதே சரி.

விளம்பரங்கள் குறித்த என் நினைவுதான் அதிகம் பிசகியிருந்தது. கட்டுரைகள் நிறைந்த இதழ்களில் இடையிடையே விளம்பரங்கள் வந்ததாகவே நான் நினைத்திருந்தேன். ஒரு மாலையில், காய்ந்த இதழ் ஒன்றில் விளம்பரப் பக்கங்களுக்கு மஞ்சள் சீட்டும், விளம்பரம் கொடுத்த அதே நிறுவனத்தின் பொருளைப் புகழ்ந்த கட்டுரைப் பக்கங்களுக்குப் பச்சைச் சீட்டும் ஒட்டிப் பார்த்தேன். இதழின் விளிம்பு மாவிலைத் தோரணம்போல் ஆகிவிட்டது. சீட்டு ஒட்டாத பக்கங்கள் ஓரிடத்தில்கூடத் தொடர்ச்சியாக நிறைய வரவில்லை. இது தற்செயல் அல்ல. அமெரிக்கப் பெண்ணிய இதழான ‘மிஸ்’ 1990-இல் விளம்பரமே இல்லாமல் வெளிவரத் தொடங்கியபோது, அதன் நிறுவனர்களில் ஒருவரான குளோரியா ஸ்டைனம், பெண்கள் இதழ்களுக்கு விளம்பரம் தருபவர்கள் தங்கள் பொருளுக்கு இசைவான கட்டுரைகளையும் எப்படி எதிர்பார்க்கிறார்கள் என்பதை விரிவாக எழுதினார். சோவியத் பெண்களைப் பற்றிய ஒரு முகப்புக் கட்டுரைக்குப் பிறகு, அட்டைப்படத்தில் இருந்த பெண்கள் ஒப்பனை இல்லாமல் இருந்தார்கள் என்ற காரணத்தால் ஓர் அழகுசாதன நிறுவனத்தின் விளம்பரம் கிடைக்காமல் போனதையும் அவர் பதிவு செய்திருக்கிறார். இன்றைக்குப் பணம் வாங்கிக்கொண்டு பொருளைப் புகழும் காணொளிகளைப் பார்த்து, ‘அந்தக் காலத்தில் இப்படியா?’ என்று பெருமூச்சு விடுபவர்கள், பழைய இதழ் ஒன்றை எடுத்து இந்தச் சீட்டு ஒட்டும் வேலையைச் செய்து பார்க்கலாம். அரை மணி நேரம் போதும்.

யாருடைய முகங்கள் அந்தப் பக்கங்களில் இருந்தன என்பதையும் அப்போதுதான் கணக்குப் பார்த்தேன். 1892-இல் தொடங்கிய அமெரிக்க ‘வோக்’ இதழின் அட்டையில் ஒரு கறுப்பினப் பெண், பெவர்லி ஜான்சன், முதன்முதலாக இடம்பெற்றது 1974 ஆகஸ்ட் இதழில். இடையில் 82 ஆண்டுகள். என் பெட்டியில் இருந்தவை அதற்கு வெகுகாலம் பிந்தியவை என்றாலும், ‘தோல் நிறம்’ என்று அவை குறிப்பிட்ட ஃபவுண்டேஷன் என்ற முக அடிப்பூச்சு என் தோலின் நிறத்தில் ஒருமுறையும் இருந்ததில்லை. 2017-இல் ஃபென்டி பியூட்டி என்ற அழகுசாதன நிறுவனம் 40 நிறச்சாயல்களோடு ஃபவுண்டேஷனை வெளியிட்டபோதுதான் மற்ற நிறுவனங்களும் அவசரமாகத் தங்கள் வரிசையை நீட்டத் தொடங்கின. என் நிறமுள்ள ஒரு பெண் தன் அறையின் ஜன்னலோரத்தில் அமர்ந்து ஒரு பொருளைப் பூசிக் காட்டுவதைப் பார்க்கும் வாய்ப்பை எனக்குத் தந்தது கைபேசிதான், அச்சு இதழ் அன்று. ஏக்கம் எவ்வளவு இருந்தாலும் இதை மறைப்பது நேர்மையாகாது.

பழைய இதழ்களின் அறிவுரைகளைப் பின்பற்றவும் கூடாது. பிளாஸ்டிக் நுண்மணிகள் கலந்த முகத் தேய்ப்பான்களை அவை மாதம் தவறாமல் பரிந்துரைத்திருந்தன. நீர்நிலைகளில் சேர்கின்றன என்பதால், கழுவி விடும் அழகுசாதனங்களில் அவற்றைத் தடை செய்யும் சட்டம் 2015-இல் அமெரிக்காவில் வந்தது. தோலைக் கருக்கிக்கொள்ளும் புறஊதாப் படுக்கைகளைப் பற்றி ஓர் இதழில் இரண்டு பக்கக் கட்டுரை மகிழ்ச்சியாக வந்திருந்தது. 2009-இல் உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை அவற்றைப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் வகையில் சேர்த்துவிட்டது. ஆனால் இங்கே அச்சின் ஒரு குணத்தைக் குறிப்பிட வேண்டும். அச்சான தவறு அப்படியே நிற்கிறது. யார் எப்போது என்ன சொன்னார்கள் என்பதை நாற்பது ஆண்டு கழித்தும் கையில் பிடித்துக் காட்டலாம். இணையத்தில் சில ஆண்டுகளுக்கு முன் நான் படித்துக் குறித்து வைத்த கட்டுரைகளில் பல இன்று இல்லை. சில இருக்கின்றன, வேறு வாசகங்களோடு.

இவ்வளவையும் கண்ட பிறகும் அந்த இதழ்களை ஏன் எறிய மனம் வரவில்லை என்று எனக்கே வியப்பாக இருந்தது. பிரித்துக்கொண்டிருந்த ஏதோ ஒரு மாலையில்தான் காரணம் தெளிந்தது. அந்த இதழுக்கு என்னைத் தெரியாது. ஒருநாள் தூக்கம் கெட்டுக் கண்ணுக்குக் கீழே கருவளையம் பற்றித் தேடினால், கைபேசி அடுத்த ஒரு மாதம் என் கருவளையத்தையே எனக்குத் திருப்பித் திருப்பிக் காட்டுகிறது. அச்சு இதழும் என்னிடம் விற்கத்தான் பார்த்தது. ஆனால் குறி பார்க்காமல், எல்லாருக்கும் பொதுவாக, கூட்டத்தைப் பார்த்துப் பேசியது. எனக்குத் தேவையே இல்லாத சுருள்முடிப் பராமரிப்பையும், அறுபது வயதுப் பெண்ணின் நகப்பூச்சையும், வாசனைத் திரவியம் செய்பவர் ஒருவரின் நீண்ட பேட்டியையும் நான் படித்தேன், அவை அடுத்த பக்கத்தில் இருந்தன என்ற ஒரே காரணத்தால். அக்காவும் அதே பக்கங்களைத்தான் படித்தாள். அதனால் எங்களுக்குப் பேச ஒன்று இருந்தது, சண்டை போடவும் ஒன்று இருந்தது. இப்போது அவள் கைபேசியில் வருவதும் என் கைபேசியில் வருவதும் வேறு வேறு.

இதழ்கள் நின்றுபோன வரிசையும் வேகமானது. ‘க்ளாமர்’ இதழின் அமெரிக்கப் பதிப்பு 2019 ஜனவரியோடு மாதாந்திர அச்சை நிறுத்தியது. ‘இன்ஸ்டைல்’ இதழின் அமெரிக்கப் பதிப்பு 2022-இல் அச்சை நிறுத்தியது. அழகுக்கலைக்கென்றே 1991-இல் தொடங்கிய ‘அல்யூர்’, 2022 டிசம்பர் இதழோடு அச்சிலிருந்து இணையத்துக்குப் போய்விட்டது. ‘முதுமையை எதிர்க்கும்’ என்ற சொல்லை இனிப் பயன்படுத்த மாட்டோம் என்று 2017-இல் அறிவித்த இதழ் அதுதான். அந்த அறிவிப்பு வந்த இதழின் அட்டையில், எழுபதைக் கடந்த ஹெலன் மிர்ரன் இருந்தார். ஒரு சொல்லை விடுவதாக அறிவிப்பதற்கு ஓர் அட்டைப்படம் எவ்வளவு பெரிய மேடை என்பது அதைக் கையில் வைத்துப் பார்த்தால் தெரியும். திரையில் அது ஒரு மதியத்தில் மேலே நகர்ந்து போய்விடும்.

பிழைத்த இதழ்களை இப்போது படுக்கை வாட்டில், தடிமனானவற்றை அடியில் வைத்து, தரையிலிருந்து உயரமான அலமாரியில் அடுக்கியிருக்கிறேன். பரணிலும் குளியலறையை ஒட்டிய சுவரிலும் வைப்பதில்லை. முதுகில் பசை வைத்து ஒட்டிய பெர்ஃபெக்ட் பைண்டிங் இதழ்களை முழுக்க விரித்து வைக்கக் கூடாது. பழைய பசை வெடித்து நடுப்பக்கங்கள் கையோடு வந்துவிடும். சென்டர் பின் அடித்தவற்றில் பின் துருப்பிடித்திருந்தால் கழற்றிவிட்டு நூலால் தைத்துக்கொள்ளலாம். பிவிசி பிளாஸ்டிக் உறைகள் நாளடைவில் மையை இழுத்து ஒட்டிக்கொள்கின்றன. பாலிப்ராப்பிலீன் உறைகளே ஏற்றவை. ஸ்கேன் செய்பவர்கள் 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) அளவில் செய்து பிறகு சிறிதாக்கினால், அச்சுப் புள்ளிகளும் ஸ்கேனரின் கட்டங்களும் மோதி உண்டாகும் அலையலையான கோடுகள் குறையும்.

விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகள் இந்த வேலையில் சேர்ந்துகொண்டாள். முதல் நாள் ஓர் இதழைக் கையில் வாங்கியவள், “சித்தி, இதுல எங்க தேடறது?” என்று கேட்டாள். தேட முடியாது, முதலிலிருந்து புரட்ட வேண்டியதுதான் என்றேன். புரட்டினாள். இரண்டு வாரம் கழித்து, நாமே ஒன்று செய்யலாமா என்று அவளே கேட்டாள். மாதம் முழுவதும் இணையத்தில் கண்ணில் பட்டதைச் சேமித்துக்கொள்வது, மாதக் கடைசியில் இருவரும் உட்கார்ந்து அதிலிருந்து 16 பக்கத்துக்கு மட்டும் தேர்ந்தெடுத்து அச்சிடுவது என்று தீர்மானித்தோம். ஒரு தாளை நடுவில் மடித்தால் நான்கு பக்கம் வருவதால், பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காகவே இருக்க வேண்டும். வெளித் தாளின் ஒரு புறத்தில் 16-ஆம் பக்கமும் 1-ஆம் பக்கமும், மறுபுறத்தில் 2-ஆம் பக்கமும் 15-ஆம் பக்கமும் வரும். இதைக் கணக்குப் போடாமல் முதல் பிரதியை அச்சிட்டு, முகப்பூச்சின் செய்முறை ஒரு பக்கத்தில் தொடங்கி நகவெட்டியில் முடிந்ததைப் பார்த்துச் சிரித்தோம். இங்க்ஜெட் அச்சுப்பொறியில் ஆர்ட் பேப்பரைக் கொடுத்ததும் தவறு. மை உள்ளே இறங்காமல் மேலேயே நின்று, விரல் பட்டவுடன் ஈஷிக்கொண்டது. இரண்டாம் முறை சாதாரண வெள்ளைத் தாளில் அச்சிட்டோம். திரையில் மின்னிய இளஞ்சிவப்பு தாளில் மங்கலாகத்தான் விழுந்தது.

சேமித்தவை நூற்றுக்கும் மேல் இருந்தன. பதினாறு பக்கத்துக்காக அவற்றைக் கழிக்கத் தொடங்கியதும், பெரும்பாலானவை ஒரே விஷயத்தை வேறு வேறு முகங்கள் சொன்னவை என்பது தெரிந்து, இருவரும் யாதொரு வருத்தமும் இல்லாமல் நீக்கினோம். பதினைந்து பக்கம் நிறைந்தது. கடைசிப் பக்கத்துக்கு எதுவும் தேறவில்லை. இதழ்த் தொழிலில் மிக அதிகக் கட்டணம் பெறும் விளம்பர இடங்களில் பின்னட்டையும் ஒன்று என்று அவளுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தவள், அதை வெறுமையாகவே விட்டு, இரண்டு பின் அடித்து, அக்காவுக்கு ஒரு பிரதியை உறையில் போட்டாள்.